தோப்புச் சாளையில் கட்டிய தூளி

போன மாதம் கோவையில் ஒரு பெரிய ஓட்டலில் கூட்டம். சினிமாவிலும் டிவியிலும் வேலை பார்க்கும் பெண்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வதற்கான கூட்டம் என்று சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வாசலிலேயே கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். என் பெயர் சரோஜினி. அதற்குக் கீழே 'எடிட்டர் (ஓய்வு)' என்று போட்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் ஏதோ வெப் சீரிஸில் உதவி இயக்குநராம். குனிந்து என் அட்டையைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "மேடம், உங்க காலத்துல நெட்வொர்க்கிங் எல்லாம் எப்படிப் பண்ணுவீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தென்னந்தோப்புல தூளி கட்டித்தான் கண்ணு" என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவளும் சிரித்தாள். அதற்குள் மேடையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சூலூர். வீட்டுக்குள்ளேயே தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியதால் எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. படிப்பு முடிந்ததும் காந்திபுரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். வளைகாப்பு, சீர் என்றால் பெண் கேமராக்காரிதான் வேண்டும் என்று கேட்கும் வீடுகள் இருந்தன. கேமராவைச் சுமந்து சுமந்து வலது தோள் இறங்கிப்போன பிறகு எடிட்டிங்குக்கு மாறினேன். தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு கேபிள் வயர் இழுத்தார்கள் அல்லவா, அப்போது கோவையிலேயே ஒரு உள்ளூர் சேனல் தொடங்கியது. அதில் எடிட்டராகச் சேர்ந்தேன். ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடிதான் எங்கள் சேனல். கீழே தகரம் இறக்கினால் மேலே செய்தி வாசிப்பதை நிறுத்த வேண்டும்.

அங்கே நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் கோதை மேடம். வீட்டில் தெலுங்கு பேசும் மில்காரக் குடும்பம். சம்பாதித்தாக வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து அவரே சன்னலைத் திறந்து வைத்திருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு நிகழ்ச்சியை வெட்டி ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால், முதலில் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் கடைசிவரை பார்ப்பார். "பேச்சுல மயங்கிப் போயிருவேன் சரோ. பேச்சில்லாம தனியாப் படம் நிக்குதான்னு பாக்கோணும்" என்பார். பிடித்திருந்தால் கண்ணாடியைக் கழற்றுவார். பிடிக்காவிட்டால் கழற்றாமல் என்னைப் பார்ப்பார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவேன். அவ்வளவுதான் திட்டு.

ஒரு முறை பொள்ளாச்சிப் பக்கம் நடந்த சினிமாப் படப்பிடிப்பில் பேட்டி எடுக்கப் போனோம். அந்த ஊர்களில் அப்போது எந்தத் தோப்புக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு ஷூட்டிங் நடக்கும். அன்றைக்கு நடிகைகள் யாரும் இல்லை. அத்தனை பெரிய யூனிட்டில் பெண் என்று ஹேர் டிரெஸ்ஸர் அம்மா ஒருவர் மட்டும் வேனுக்குள் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைக்கூடக் கழுவாமல் இறங்கி வந்தார். "உக்காருங்கம்மா, உக்காருங்க. பொம்பளைங்ககூடப் பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா" என்று கோதை மேடத்தின் கையைப் பிடித்தவர், நாங்கள் கிளம்பும்வரை விடவே இல்லை. பேட்டி எடுக்க வேண்டிய நடிகர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போயே விட்டார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் கிணத்துக்கடவு தாண்டியதும் மேடம், "ஏன் சரோ, இந்த மாதிரி தனியா வேலைக்கு வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் தெரியாதுல்ல?" என்றார்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு சினிமாத் தொழிலாளர்களுக்கு விடுமுறை. அதனால் அந்த நாளையே வைத்துக்கொண்டோம். இடம் எங்கள் ஸ்டுடியோ. மேடமே நாற்காலிகளை வட்டமாகப் போடுவார். வரிசையாகப் போட்டால் முன்வரிசைக்கு ஒருத்தர் தலைவி ஆகிவிடுவார் என்பது அவர் கணக்கு. கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி. வந்தவர்கள் தெரிந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும், வேண்டியது ஒன்றைக் கேட்க வேண்டும். வயது, சம்பளம், சினிமாவா டிவியா என்ற பேதம் கிடையாது. கேட்பதற்குத்தான் எல்லோரும் கூச்சப்பட்டார்கள். "எனக்கொண்ணும் வேண்டாமுங்க" என்று யாராவது சொன்னால், "அப்ப நாங்க குடுக்கறத மட்டும் எப்படிங்க வாங்கிட்டுப் போவீங்க?" என்று மேடம் மெதுவாகக் கேட்பார். அதற்குப் பிறகு வாய் திறக்கும்.

பெருந்துறையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு பெண், விளக்குக்கு முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டினால் மணப்பெண்ணுக்குக் கண் கூசாது என்று சொல்லிக்கொடுத்தாள். மணமேடைமேல் ஏறினால் பெரியவர்கள் சத்தம் போடுகிறார்களே, என்ன செய்வது என்று கேட்டாள். பதில் சொன்னவர் உடுமலைப்பேட்டை ராஜாமணியக்கா. "மொதல்ல மாப்பிள்ளையோட அம்மாவ நாலு படம் எடுத்துப்போடு கண்ணு. அப்பறம் உன்னைய ஒருத்தன் கேக்க மாட்டான்."

ராஜாமணியக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடுமலைப் பக்கம் ஷூட்டிங் என்றால் கூட்டத்தில் நிற்கவும் நடக்கவும் உள்ளூர்ப் பெண்கள் தேவைப்படுவார்கள். தோப்பிலும் வெள்ளாமைக் காட்டிலும் வேலை செய்கிற பெண்களை அதற்குத் திரட்டிக் கொண்டுபோகிறவர் அவர்தான். ஆள் உயரம். உச்சிக்கு மேலே ஏற்றிக் கட்டிய கொண்டை. வெள்ளி டம்ளரில்தான் காபி குடிப்பார். அதைப் பையிலேயே வைத்திருப்பார்.

இனி சித்ராவிடம் வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பாதி நடக்கும்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் படியேறி வந்தாள். சொந்த ஊர் பெருந்துறை. சென்னைக்குப் போய்ப் பல படங்களில் உதவி இயக்குநராக இருந்து, இப்போது ஒரு படத்துக்கு இணை இயக்குநர். அந்த யூனிட் உடுமலைக்கு வந்திருந்தது. அவளுடைய முறை வந்தபோது, தெரிந்தது எதையும் சொல்லவில்லை. குழந்தையை மடியில் சரிசெய்துகொண்டு நேராகக் கேட்டாள்.

"இவளை வெச்சுக்கறதுக்கு ஒரு இடம் வேணுமுங்க. இல்லைன்னா நாளைக்கு நான் மெட்ராசுக்குக் கிளம்போணும்."

குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக இருந்த மாமியார் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கணவர் ஒளிப்பதிவாளர், ராஜமுந்திரியில் வேறொரு படப்பிடிப்பில் இருந்தார். "அவருகிட்ட யாருமே கொழந்தைய யாரு பாத்துக்கறாங்கன்னு கேக்கலீங்க" என்று சித்ரா சொன்னபோது வட்டம் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள், கண் மட்டும் கலங்கியிருந்தது. யூனிட்டின் மேனேஜர் சேகர், லொகேஷனுக்குக் குழந்தையெல்லாம் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். இரண்டொரு நாளில் ஒரு தயாரிப்பாளர் வருவதாக இருந்தது. சித்ராவின் வேலையைப் பார்த்துவிட்டு, பிடித்தால் அவளுக்கே ஒரு படம் கொடுக்கும் யோசனையில் இருந்தார். அதைத்தான் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

எல்லோர் கண்ணும் குழந்தைமேல் இருந்தது. காவ்யா என்று பெயர். அவள் பாட்டுக்கு மைக் வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் அம்மிணி, எந்தத் தோப்புல எடுக்கறாங்க?" என்றார் ராஜாமணியக்கா. சித்ரா சொன்னாள். "அட, அது நம்ம பண்ணையமுங்க. அங்க ஒரு சாளை இருக்குது. தேங்கா உரிக்கற சாளை. கொழந்தைய என்ரகிட்டக் குடுத்துப்போடு. வேலையப் பாரு."

கோதை மேடம் என் பக்கம் திரும்பினார். "சரோ, படப்பிடிப்பு எப்படி நடக்குதுன்னு நம்ம சேனலுக்கு ஒரு நிகழ்ச்சி வேணுமுன்னு சொல்லிட்டிருந்தேனே. கேமராவ எடுத்துட்டு இவங்ககூடப் போயிட்டு வா" என்றார். அப்படி அவர் சொல்லிக்கொண்டிருக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். "சரிங்க மேடம்" என்றேன்.

மறுநாள் காலையில் அந்தச் சாளைக் கொட்டகையின் உத்தரத்தில் ராஜாமணியக்கா தன் நூல் சேலையால் தூளி கட்டினார். ஓலைக் கூரை, உள்ளே தேங்காய் மட்டை வாசம், குளிர்ச்சி. அவருடைய ஆட்களில் காட்சிக்குத் தேவைப்படாதவர்கள் மாற்றி மாற்றித் தூளியை ஆட்டினார்கள். ஒரு மஞ்சள் துணியும் கொண்டுவந்திருந்தார். குழந்தைக்குப் பசி வந்தால் சாளை வாசலில் அதைத் தூக்கிப் பிடிப்பது என்று ஏற்பாடு.

அங்கேதான் சித்ராவின் திறமையைப் பார்த்தேன். படப்பிடிப்பு என்பது பாதி வேலை, பாதி காத்திருப்பு. ஒரு ஷாட் முடிந்து விளக்கு மாற்றுவார்கள், டிராலி ஓடத் தண்டவாளம் போடுவார்கள், வெள்ளைப் பலகைகளை நகர்த்தி வெயிலைத் திருப்புவார்கள். மஞ்சள் துணி தெரிந்ததும் சித்ரா வரிசையை மாற்றிவிடுவாள். "சார், அடுத்து அந்த டிராலி ஷாட்டைப் போயிரலாங்களா?" என்பாள் இயக்குநரிடம். அவர் தலையாட்டுவார். ஆட்கள் தண்டவாளத்தைத் தூக்குவார்கள். அவர்கள் பூட்டி முடிப்பதற்குள் இவள் சாளைக்கு வந்து, பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் வந்ததும் திரும்பி ஓடிவிடுவாள். ஒரு நிமிட வேலைகூட நிற்கவில்லை. நான் கேமராவை வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று தெரியாமல் அந்தப் பெண்ணையே எடுத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சேகர் கண்டுபிடித்துவிட்டார். சாளை வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா இது? கொழந்தை அழுதா ஷாட்டு கெட்டுப்போகாதா?"

ராஜாமணியக்கா தூளியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. "ஏனுங் தம்பி, அந்த ஜெனரேட்டரு காலையிலிருந்து இந்தக் கத்துக் கத்துது. அதுக்கு ஷாட்டு கெடலீங்களா?"

"அது வேற. பேச்செல்லாம் அப்பறம் டப்பிங்ல பேசிக்குவாங்க."

"அப்ப இவ அழுகறது மட்டும் எப்படிங்க கேக்கும்?"

சேகர், "அதுக்கில்லீங்க. ஒருத்தரு கொண்டுவந்தா எல்லாரும் கொண்டாருவாங்க" என்றார்.

"கொண்டாரட்டுமுங்க. என்ர ஆளுகள்ல பாதிப் பேரு கொழந்தைய ஊட்ல உட்டுப்போட்டுத்தான் வாராங்க. இவளக் கூடாதுன்னா நாங்களும் எங்க கொழந்தைகளப் பாக்க ஊட்டுக்கே போயிக்கறோம். நாங்க தட்டேந்தி நடக்கோணுங்கற சீர்வரிசைக் காட்சிக்கு நீங்க தென்ன மரத்தையே நடக்க வெச்சுக்கங்க."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த ஒரம்பரைக்குக் காபி வேண்டுமா என்று கேட்பது மாதிரி சொன்னார். சேகர், "சாளையைத் தாண்டி வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அங்கே இன்னும் சில தூளிகள் தொங்கின.

தயாரிப்பாளர் வந்த நாள்தான் சோதனை. அன்றைக்குத்தான் சீர்வரிசைக் காட்சி. பெண்கள் தட்டுகளை ஏந்திக்கொண்டு தோப்பு ஓரமாக வரிசையாக நடந்து வர வேண்டும். டிராலியில் கேமரா கூடவே வரும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் இயக்குநருக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை. "சித்ரா, நீ எடும்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார். தயாரிப்பாளர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

வரிசை நீளமாகத் தெரிய வேண்டும் என்பதால் சாளையில் இருந்த பெண்கள் எல்லோர் கையிலும் தட்டைக் கொடுத்தாயிற்று. மற்றக் குழந்தைகளை அன்று கூட்டி வரவில்லை. காவ்யாவோடு நான் மட்டும் இருந்தேன். சித்ரா மெகாபோனை எடுத்து, "அக்கா, எல்லாரும் என்னையப் பாக்காம சீரைப் பாத்து நடங்க" என்றாள். ஒத்திகை ஒன்று, இரண்டு. ஒருவர் பிசகவில்லை. தன் பிள்ளையைத் தூளியில் ஆட்டியவர்களிடம் பேசும் குரலாகவே இருந்தது அது. வெயில் பெண்களின் முகத்தில் மஞ்சளாக விழுந்தது. எல்லாம் தயார். அடுத்தது டேக்.

அப்போது பார்த்துக் காவ்யா விழித்துக்கொண்டாள். நான் ஆட்டினேன், பாடினேன், மட்டையைக் கையில் கொடுத்தேன். நிற்கவில்லை. துணியைத் தூக்குவதா வேண்டாமா? வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் வாழ்க்கையே அந்த ஒரு ஷாட்டில் இருந்தது. இங்கே குழந்தை முகம் சிவக்க அழுகிறது. மஞ்சள் துணியைத் தூக்கிவிட்டேன்.

சித்ரா பார்த்தாள். தயாரிப்பாளரும் அவள் பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் ஒரு தடவை சூரியனைப் பார்த்தாள். டிராலியைப் பார்த்தாள். பிறகு மெகாபோனை வாயில் வைத்தாள்.

"என் கொழந்தைக்குப் பசிக்குது. பால் குடுத்துட்டு வந்துர்றேன். அதுக்குள்ள தண்டவாளத்தை எடுத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போடுங்க. சூரியனுக்கு எதிர்ல இருந்து எடுக்கறோம். முகம் வேண்டாம், உருவம் மட்டும் போதும்."

அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் மலைப் பக்கம் திரும்பிச் சூரியனைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. முகத்தில் வெயில் வேண்டுமென்றால்தான் அவசரம். கறுப்பு உருவமாக எடுப்பதென்றால் சூரியன் இன்னும் கீழே இறங்கினால்தான் நல்லது. "தூக்குங்கப்பா தண்டவாளத்த!" என்று அவரே குரல் கொடுத்தார்.

சித்ரா சாளைக்குள் வந்து உட்கார்ந்தாள். ஓடி வந்த மூச்சு அடங்கவில்லை. "தப்பாப் பண்ணிட்டனாங்கக்கா?" என்றாள். "படம் நிக்கும்" என்றேன். எனக்குத் தெரிந்த பாராட்டு அது ஒன்றுதான். குழந்தை குடித்து முடித்துக் கண் சொருகியது. அதை என் கையில் கொடுத்துவிட்டு அவள் ஓடினாள்.

அதே நேரம் ராஜாமணியக்கா வாய்க்கால் பக்கமிருந்து கத்தினார். "சரோ! ஒரு தட்டு எச்சா இருக்குது. வா நீயும்!" சாளை வாசலில் சேகர் நின்றுகொண்டிருந்தார். வேறு ஆள் இல்லை. குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டு நான் ஓடினேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். குழந்தை அசைந்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

கழுத்தில் இருந்த கேமராப் பையைக் கழற்றி எறிந்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்து, பழத்தட்டை ஏந்தி வரிசையில் நின்றேன். மலைக்கு மேலே சூரியன் ஆரஞ்சுச் சுளை மாதிரி நின்றது. சட்டென்று எங்கும் அமைதி. ஜெனரேட்டர் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், சாளை வாசலில் சேகர் ஒரு கையில் குழந்தை, மறுகையில் வாக்கிடாக்கி. தணிந்த குரலில் அதட்டிக்கொண்டிருந்தார். "லைட்டே எரியல, எதுக்குய்யா அத ஓட்டறீங்க? கொழந்த தூங்குது."

"ஆக்‌ஷன்" என்றாள் சித்ரா. நடந்தோம். சேகரைத் திரும்பிப் பார்த்ததில் பின்தங்கிய நான் பாதி தூரம் ஓடித்தான் வரிசையோடு சேர்ந்தேன். தென்னங்கீற்றின் சலசலப்பும், கொலுசுச் சத்தமும், டிராலி உருளும் ஓசையும்தான் கேட்டன. ஒரே டேக். "ஓகே" என்று அவள் சொன்னபோது பெண்கள் போட்ட கூச்சலில் காவ்யா விழித்துக்கொண்டாள். எங்களை எல்லாம் முறைத்தது சேகர்தான்.

தயாரிப்பாளர் எழுந்து வந்தார். "ஏம்மா, நல்லா முகத்துல வெளிச்சம் இருந்தப்பவே எடுத்திருக்கலாமே. எதுக்கு மாத்துன?" என்றார்.

"கொழந்தைக்குப் பசிங்க சார்" என்றாள் சித்ரா.

அவர் அவளையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "மெட்ராஸ் வந்ததும் ஆபீசுக்கு வந்து ஒரு கதை சொல்லு. கொழந்தையையும் கூட்டிட்டு வா" என்றார். சித்ரா போனாள், கதை சொன்னாள், படமும் எடுத்தாள். அந்தப் படத்தில் அவளுக்கு உதவி இயக்குநராகப் போனவர்களில் ஒருத்தி எங்கள் ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் உட்கார்ந்திருந்தவள்.

உடுமலையில் எடுத்த படம் வெளியானபோது, அந்த மாதக் கூட்டத்தை அங்கேயே ஒரு தியேட்டரில் வைத்துக்கொள்ளலாம் என்றார் கோதை மேடம். தியேட்டர்காரரிடம் பேசிக் காலைக் காட்சியை எங்களுக்கென்றே வாங்கிவிட்டார். கோவையிலிருந்து நாங்கள், பெருந்துறைக்காரர்கள், சென்னையிலிருந்து சித்ரா, ராஜாமணியக்காவின் பட்டாளம் முழுக்க. பட்டுச்சேலையும் பூவுமாகக் கல்யாணத்துக்கு வருவதுபோல வந்தார்கள். வீட்டு ஆண்களும் குழந்தைகளும் பின்வரிசையில்.

சீர்வரிசைக் காட்சி வந்தது. திரை முழுக்க ஆரஞ்சு நிறம். அதன் மேல் மையால் வரைந்த மாதிரி பெண்கள் நடந்து வந்தார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அட என்ர சாமி, ஒருத்தி மூஞ்சியும் தெரியலையே!" என்றார் ராஜாமணியக்கா.

அவ்வளவுதான், தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பின்வரிசையிலிருந்து ஒரு குழந்தை, "அம்மா அதா! காலச் சாச்சுச் சாச்சு நடக்கறது எங்கம்மா!" என்று கத்தியது. "அக்கட்ட வாரது நானு, தட்ட எறக்கிப் புடிச்சிருக்கேன் பாரு!" "சரோ எது? அதா, அவசரமா ஓடியாந்து சேர்றாளே!" ஆமாம், நான்தான். என் வாழ்நாளில் நான் திரையில் வந்தது அந்த ஒரு தடவைதான். அதிலும் பாதி தூரம் ஓட்டம். காட்சி முடிந்துவிட்டது. யாரும் விடவில்லை. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" சித்ரா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எது என்று எனக்குத் தெரியவில்லை. மேலே ஆபரேட்டர் ரீலைத் திருப்பிப் போட்டார்.

இந்த முறை ராஜாமணியக்காவால் உட்கார முடியவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் போய், திரைக்குக் கீழே இருந்த மேடைமேல் ஏறினார். "இதா, இந்தக் கொண்ட என்னுது! நல்லாப் பாத்துக்கங்க!" என்று கையை நீட்டிக் காட்டினார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவர் நிழலும் திரையில் விழுந்தது. அதே கொண்டை, அதே உயரம். வரிசையில் ஒருவர் கூடிவிட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் இன்னும் நாலைந்து பேர் மேடை ஏறினார்கள். ஆபரேட்டர் மேலேயிருந்து "கீழ எறங்குங்கம்மா, படம் மறைக்குது!" என்று கத்தினார். அதைக் கேட்கத்தான் ஆளில்லை. நானும் மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன்.